பேல் எண்ணப் போகும் பிள்ளைகளுக்கு



ஜூலை முதல் தேதி சார்ட்டர்ட் அக்கவுண்டண்டுகள் தினம். 1949இல் அந்த நாளில்தான் அவர்களுக்கான சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தொடங்கியது. நம் குடியரசுக்கே மூத்த நிறுவனம். மே மாதம் சி.ஏ. இண்டர்மீடியட் எழுதிய பிள்ளைகளுக்கு முடிவு வருவதும் இந்த ஜூலையில்தான். தேறியவர்கள் இனி ஓர் ஆடிட்டர் ஆபீஸ் பார்த்து ஆர்ட்டிகிள்ஸ் சேரவேண்டும். 2023 ஜூலை முதல் அந்தப் பயிற்சி இரண்டு ஆண்டு. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு மூன்று ஆண்டாக இருந்தது.

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. கரூர்ப் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் போன வருடம் ஆர்ட்டிகிள்ஸ் சேர்ந்தவள். காலையில் டிபன் பாக்ஸோடு போகிறவள் இரவு வீடு திரும்ப ஒன்பது ஆகிவிடுகிறதாம். என்ன வேலை என்று கேட்டால், “வவுச்சர் பார்த்தேம்மா, டிக் போட்டேன்” என்கிறாளாம். கிடைக்கிற ஸ்டைபண்ட் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகப் போகிறது. “நல்ல மார்க் வாங்கின பொண்ணுங்க. டிக் போடறதுக்கா இத்தனை படிச்சா?” என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகள் செய்துகொண்டிருப்பதுதான் ஆடிட். கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டில் கடைசியாகக் கையெழுத்துப் போடுகிற பார்ட்னர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் குடோனுக்குள் போயிருக்கமாட்டார். வவுச்சர் கட்டுகளைப் பிரித்திருக்கவும் மாட்டார். போனதும் பிரித்ததும் இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளை பார்த்து எழுதிவைத்ததை நம்பித்தான் அவர் பேனாவைத் திறக்கிறார். அவர் கையெழுத்தை நம்பி வங்கி கடன் கொடுக்கிறது. ஓய்வு பெற்ற ஒரு பள்ளி ஆசிரியர் தன் சேமிப்பை அந்தக் கம்பெனியின் பங்கில் போடுகிறார். இத்தனை பேர் நம்பிக்கைக்கும் அடியில் இருப்பவை உங்கள் மகளின் கண்கள்தான்.

வவுச்சர் பார்ப்பதை உங்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். லாரி வாடகை வவுச்சர் ஒன்று கையில் இருக்கிறது. தொகை லெட்ஜரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஒரு நொடி போதும். அதோடு புரட்டினால் டிக் விழும், ஆடிட் நடக்காது. விவரமான பிள்ளை அந்த லாரி நம்பரை ஈ-வே பில்லில் தேடும். சரக்கு உள்ளே வந்த தேதியை வாட்ச்மேனின் கேட் ரிஜிஸ்டரில் பார்க்கும். எடை மேடைச் சீட்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். கூலி வவுச்சர் என்றால், மில் லீவு விட்ட நாளில் கூலி போட்டிருக்கிறார்களா, 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினவர் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, பத்துப் பேர் கையெழுத்தும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருக்கிறதா என்றெல்லாம் கண் ஓடும். கைநாட்டுக் காலத்தில், கூலிப் பட்டியல் முழுக்க ஒரே பெருவிரல் ரேகை விழுந்திருந்த கதையைப் பழைய ஆடிட்டர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளில் அதைப் பிடிக்கிறவர் எப்போதும் புதிதாகச் சேர்ந்த பையனாகத்தான் இருப்பார். பழகின கண் தாண்டிப் போய்விடும் இடத்தில் புதுக் கண் நின்றுவிடுகிறது.

நம் இதழின் கணக்கைப் பார்க்கவும் ஆண்டுதோறும் பிள்ளைகள் வருகிறார்கள். இந்த ஏப்ரலில் வந்த பெண் முதல் காரியமாகக் காகிதக் கிடங்குக்குப் போய் ரீல்களை எண்ணினாள். முழு ரீல் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் எடை இருக்கும். பாதி ஓடிய ரீலுக்கு அந்தச் சீட்டு உதவாது என்று, அதை மட்டும் தராசில் ஏற்றச் சொன்னாள். மத்தியானம் சர்க்குலேஷன் மேனேஜரிடம் வந்து, “சார், ஏப்ரல் ரிட்டர்ன் நோட்டு வேணும்” என்றாள்.

“கணக்கு மார்ச்சோட முடிஞ்சுதேம்மா. ஏப்ரல் நோட்டு எதுக்கு?” என்றார் அவர். பல வருடமாக ஏஜெண்டுகளோடு மல்லுக்கட்டி நரைத்தவர்.

“மார்ச் இதழை மார்ச்சுல அனுப்பி விற்பனைன்னு எழுதியிருக்கீங்க சார். விக்காத பிரதி ஏப்ரல்லதானே திரும்பி வரும்? ரிட்டர்னுக்குன்னு ஒரு தொகை ஒதுக்கியிருக்கீங்க. அது போதுமான்னு வந்ததை வச்சுத்தானே பார்க்க முடியும்?”

மேனேஜர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்து, டீயும் சொல்லி அனுப்பினார். பத்திரிகைத் தொழிலுக்குள் வந்து ஒரு நாள்கூட ஆகாத பெண், பத்திரிகைக் கணக்கில் எது ஏமாற்றும் என்பதைச் சரியாகத் தொட்டிருந்தாள். எங்கள் எல்லோருக்குமே அன்று அவள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஏஜெண்டுகளின் பாக்கியை உறுதி செய்யச் சொல்லும் கடிதங்களையும் அவள் எங்கள் தபால் கட்டில் சேர்க்க விடவில்லை. தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டாள். பதில் ஆடிட்டர் ஆபீஸ் விலாசத்துக்கே வரவேண்டும் என்றும் அதில் இருந்தது. “நம்மை நம்பலையா?” என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஒருவருக்கு மனத்தாங்கல். அவருக்கு நான் சத்யம் கதையைச் சொன்னேன்.

2009 ஜனவரி 7ஆம் தேதி, ஹைதராபாதின் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். வங்கியில் பணம் இருக்கிறதா என்று தெரிய வங்கியைக் கேட்டால் போதும். அந்தக் கேள்வியும் பதிலும் கம்பெனியின் கை வழியாகப் போய்வர விட்டுவிட்டார்கள் என்பதுதான், பிறகு நடந்த விசாரணைகளில் ஆடிட்டர்கள் மேல் விழுந்த பெரிய குறை. உறுதிக் கடிதத்தை ஆடிட்டரே அனுப்பி, பதிலை ஆடிட்டரே வாங்கவேண்டும் என்பது அப்போதும் தெரிந்த விதிதான். அலுப்பான, சின்ன விதி. தபால் பெட்டி வரைக்கும் தானே நடந்துபோன அந்தப் பெண்ணுக்கு அதன் கனம் தெரிந்திருந்தது.

சரக்கு எண்ணுவது இதைவிட அலுப்பு. ஆனால் ஆர்ட்டிகிள்ஸ் பிள்ளைகளின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். மார்ச் 31 மாலை, கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு நூல் மில்லின் பஞ்சு குடோனைப் பாருங்கள். ஒரு பேல் ஏறக்குறைய 170 கிலோ. கூரை முட்ட அட்டி போட்டிருப்பார்கள். முன்வரிசையை எண்ணி ஆழத்தால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும் என்று தோன்றும். நடுவில் வெற்றிடம் விட்டு நாலு பக்கமும் மட்டும் அடுக்கியிருந்தாலும் அதே எண்தான் வரும். அதனால் அட்டி மேல் ஏறிப் பார்க்கவேண்டும். பேல் மேல் இருக்கிற லாட் நம்பரையும் பிரஸ் மார்க்கையும் பட்டியலில் தேடவேண்டும். பிறகு பட்டியலில் உள்ள லாட்டை அட்டியில் தேடவேண்டும். முதலாவது தேடல் எழுதாமல் விட்டதைக் காட்டும், இரண்டாவது இல்லாததை எழுதியிருப்பதைக் காட்டும். அடுத்தவர் பஞ்சு இங்கே இருக்கிறதா, நம் பஞ்சு வேறிடத்தில் கிடக்கிறதா என்று கேட்கவேண்டும். அன்று கடைசியாக உள்ளே வந்த சரக்கின் ரசீது நம்பர், கடைசியாக வெளியே போன இன்வாய்ஸ் நம்பர் இரண்டையும் குறித்துக்கொள்ளவேண்டும். இறுதிச் சரக்கைக் கூட்டிக் காட்டினால் லாபம் தானாகக் கூடும். கணக்கில் ஏமாற்ற நினைப்பவர்கள் காலகாலமாக இந்த இடத்துக்கு வருவது அதனால்தான்.

பி.காம். படித்தவர்கள் எல்லோரும் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கை மனப்பாடம் செய்திருப்பார்கள். 1896ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு. ஆலையின் மேனேஜர் பஞ்சு, நூல் இருப்பை வருடக்கணக்கில் ஊதிக் காட்டினார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சான்றை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். ஆடிட்டர் காவல் நாய்தான், வேட்டை நாய் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தேர்வில் அந்த ஒரு வரியோடு பதில் முடிந்துவிடும். அந்த வரி எத்தனை காலம் தாங்கியது என்பதை வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1938இல் அமெரிக்காவில் மெக்கெசன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து மொத்த வியாபாரக் கம்பெனியின் மோசடி வெளியே வந்தது. 8.7 கோடி டாலர் சொத்து என்று காட்டிய கணக்கில் 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். கனடாவில் கிடங்கு நிறையச் சரக்கு என்றார்கள். அந்தச் சரக்கே இல்லை. கம்பெனித் தலைவரின் பெயர்கூடப் பொய். எஃப். டொனால்ட் காஸ்டர் என்று உலவியவர் முன்பே தண்டனை பெற்ற ஃபிலிப் மியூசிகா. ஆடிட்டர்கள் பில்லையும் ரசீதையும் சரிபார்த்திருந்தார்கள். கிடங்குக்கு நேரில் போகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு அப்போது இல்லை. 1939இல் அங்கே நடைமுறை மாறியது: சரக்கு எண்ணும் இடத்துக்கு ஆடிட்டர் போகவேண்டும், வரவேண்டிய பாக்கியைக் கொடுக்கவேண்டியவரிடமே கேட்டு உறுதி செய்யவேண்டும். இன்று பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே அட்டி மேல் ஏறுகிற நம் பிள்ளை ஏறுவது அந்த மாற்றத்தால்தான்.

பார்த்ததை எழுதாவிட்டால் பார்க்காததற்குச் சமம் என்று ஆடிட்டர் ஆபீஸ்களில் சொல்வார்கள். எந்தத் தேதியில், யாரிடம், என்ன கேட்டேன், எதைக் காட்டினார்கள் என்று ஒர்க்கிங் பேப்பரில் இருக்கவேண்டும். அறிக்கை தேதியிலிருந்து 60 நாளுக்குள் அந்தக் கோப்பைக் கட்டி முடித்து, குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது தணிக்கைத் தரங்களின் விதி. பெரிய கம்பெனிகளின் ஆடிட்டை மேற்பார்க்க 2018 அக்டோபரில் தேசிய நிதி அறிக்கை ஆணையம் வந்தது. நீங்கள் எழுதிய தாளைச் சில ஆண்டு கழித்து டெல்லியில் ஓர் அதிகாரி திறந்து வரிவரியாகப் படிக்கலாம்.

இங்கே பெரிய ஆடிட்டர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நெருக்கடி தெரியும். வரித் தணிக்கைக்குச் செப்டம்பர் 30 கெடு. அந்த மாதம் ஆபீஸில் விளக்கு அணைவதில்லை. ஆனாலும் இந்தப் பிள்ளைகளை ஜெராக்ஸ் எடுக்கவும் வீட்டு மின்கட்டணம் கட்டவும் மட்டுமே வைத்துக்கொள்ளும் ஆபீஸ்கள் இருக்கின்றன என்று எங்களுக்குக் கடிதங்கள் வருகின்றன. தேர்வுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்கிறார்களாம். அதைவிடக் கொடுமை, போன வருட ஒர்க்கிங் பேப்பரில் தேதியை மட்டும் மாற்றி இந்த வருடக் கோப்பில் வைக்கச் சொல்வது. இருபது வயதுப் பிள்ளைக்கு இந்தத் தொழில் தருகிற முதல் பாடம் பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதுவதாக இருக்கலாமா? அப்படிப் பழகிய பிள்ளை நாளைக்குக் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வரும்போது எதைத்தான் பார்க்கும்?

பிள்ளைகளே, யாராவது அப்படிச் சொன்னால் பணிவாகவே சொல்லுங்கள்: “சார், நான் இன்னும் பார்க்கலை. பார்த்துட்டு எழுதறேன்.” கிளையண்ட் இடத்தில் உங்கள் அப்பா வயதுள்ள அக்கவுண்டண்ட் எரிந்து விழுவார். அவரை மரியாதையாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மறுநாளும் அதே மரியாதையோடு கேளுங்கள். டீக்கடையில் கிளையண்ட் பெயரைச் சொல்லாதீர்கள். நீங்கள் ஆடிட் பார்க்கும் கம்பெனியின் பங்கை வாங்குவதையோ விற்பதையோ கனவிலும் நினைக்காதீர்கள். தீபாவளிக்கு வருகிற ஸ்வீட் பாக்ஸைக்கூட உங்களுக்குப் பயிற்சி தரும் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

தைரியம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு ஆர். சிவபோகம் அம்மையாரைச் சொல்வேன். இந்தியாவின் முதல் பெண் கணக்காய்வாளர் என்று போற்றப்படுபவர், நம் சென்னைக்காரர், 1907இல் பிறந்தவர். அந்நியத் துணிக்கடை மறியலில் கலந்துகொண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். கணக்காளர் ஆவது என்ற எண்ணம் உறுதிப்பட்டது சிறையில்தான். வெளியே வந்து படித்து, 1933இல் அந்நாளைய அரசுக் கணக்கியல் பட்டயத்தில் தேறினார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு செய்ய முடியாது என்று ஆங்கிலேய அரசின் விதி குறுக்கே நின்றது. அவர் நீதிமன்றம் போய் வென்றார். 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். கடைசி வரை கதர்ப் புடவைதான் கட்டினார். இன்று ஆடிட்டர் ஆபீஸ்களில் பாதி மேசைகளில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர் நினைவு வரும்.

சி.ஏ. மட்டும்தான் வழி என்று மலைத்துப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தாளிலும் 40 மார்க் வாங்கி, குரூப்பின் மொத்தத்தில் 50 சதவீதம் தொடாமல் திரும்பத் திரும்ப எழுதுகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கற்ற வேலை வீணில்லை. கம்பெனிகளின் இன்டர்னல் ஆடிட் பிரிவுகள் அந்த அனுபவத்தைத் தேடுகின்றன. மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. தேர்வு வழியாகத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் துறையில் சேரலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக நம் மாநில உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் உதவி ஆய்வாளர் ஆகலாம். ஊராட்சியின் தெருவிளக்குச் செலவையும் பேரூராட்சியின் குடிநீர்க் குழாய்ச் செலவையும் பார்க்கிற வேலை அது. நம் மண்ணில் அதன் வேர் ஆழமானது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. அவருக்கு மட்டுமில்லை, அவர் உறவினருக்கும் அந்தத் தடை. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் ஓர் ஊர்ச் சபை அதைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா என்றும் பெற்றோர் கேட்கிறார்கள். லட்சம் பதிவுகளை ஒரே மூச்சில் சலிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. 2023 ஏப்ரலிலிருந்து கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடத்தையும் காட்டவேண்டும். இவையெல்லாம் நல்லதே. கூட்டிக் கழிக்கும் நேரம் மிச்சமானால் கேட் வரைக்கும் நடக்க நேரம் கிடைக்கும். எழுதிய பதிவை இயந்திரம் படிக்கும். எழுதிய பஞ்சு குடோனில் இருக்கிறதா என்று அட்டி மேல் ஏறியவர்தான் சொல்லமுடியும்.

புதிதாகச் சேரப்போகிறவர்கள் ஆபீஸைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப் பலகையின் பெரிய எழுத்தை மட்டும் பார்க்கவேண்டாம். அங்கே ஏற்கெனவே ஒரு வருடம் இருக்கும் சீனியரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். இந்த வருடம் எத்தனை இடத்தில் சரக்கு எண்ணப் போனார், நீங்கள் எழுதுவதை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்துவார்களா, தேர்வுக்கு லீவு தருவார்களா என்று மூன்றையும் கேளுங்கள். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவது மட்டுமே நடக்கிற இடமா, தணிக்கையும் நடக்கிற இடமா என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும்.

அனுபவமுள்ள ஆடிட்டர்களும், அரசுத் தணிக்கையில் இருப்பவர்களும், ஓய்வு பெற்றவர்களும் எங்களுக்கு எழுதுங்கள். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் உங்கள் கண்ணில் பட்ட ஒன்றை, எப்படிக் கண்ணில் பட்டது என்ற விவரத்தோடு, ஒரு பக்கத்துக்குள் அனுப்பினால் போதும். கம்பெனி பெயரும் ஊர்ப் பெயரும் வேண்டாம். ஆகஸ்டு 5ஆம் தேதிக்குள் கிடைத்தால் செப்டம்பர் இதழில் போட்டுவிடுவோம். வரித் தணிக்கை வேலை உச்சத்துக்குப் போவதற்குள் பிள்ளைகள் கைக்கு அது போய்ச் சேரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்